உப்பு மேஸ்திரி

உப்பு லாரி மண்டி வாசலில் வந்து நின்றதும் மீராசா ராவுத்தர் மூட்டையைத் தொடமாட்டார். முதலில் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார். "சரக்கு வந்திருச்சுன்னு அவககிட்டச் சொல்லுங்கப்பா" என்பார். 'அவக' என்பது அவருடைய மனைவி ஜெய்தூன் பீவி. செத்த நேரத்தில் அந்த அம்மாள் வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு வந்து சேருவார். பேகம்பூர்த் தோல் மண்டிக்குள் பெண்கள் கால் வைக்கிற வழக்கமே இல்லை. பச்சைத் தோலின் வீச்சத்துக்கு ஆண்களே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைவார்கள். ஆனால் ஜெய்தூன் பீவிக்குக் கதவோரம் ஒரு முக்காலி உண்டு. ராவுத்தர் மூட்டைக்கு ஒரு கல்லாக உள்ளங்கையில் ஏந்தி வந்து நீட்டுவார். அந்த அம்மாள் நாக்கில் வைத்துப் பார்த்து, மண்சட்டியில் துப்பிவிட்டு, "இது ஆகும்", "இது கசக்குது, வேணாம்" என்று தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ராவுத்தர் அந்த மண்டியின் மேஸ்திரி. ஆட்டுத்தோலை விரித்து, கல்லுப்பைத் தூவி, மடித்து அடுக்குவதில் அவர் கைக்கு ஈடு திண்டுக்கல்லில் இல்லை என்பார்கள். உப்பு நல்லதாக இருந்தால் தோல் மாதக்கணக்கில் கெடாது. கசப்பு உப்பாக இருந்தால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும்; தோல் நாறி மயிர் கழன்றுவிடும். அந்தக் கசப்பு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். முப்பது வருஷம் அந்த நாக்கு ராவுத்தருடையதாக இருந்தது. மூட்டைக்கு ஒரு கல்லை வாயில் போட்டு, கற்கண்டு சப்புகிற பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொள்வார். "இது போன வருசத்து உப்பு, இது இந்த வருசத்தது" என்று பிரித்துச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற கர்வத்தைப் பார்க்கவேண்டுமே!

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அந்தக் கர்வத்துக்கு அடி விழுந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. விடிய விடியச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. டாக்டர் அருளப்பன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார். "கொதிப்பு ரொம்ப ஏறியிருக்கு, இருதயம் களைச்சுப் போச்சு. மாத்திரை தாரேன். ஆனா உப்பை அறவே விட்டாத்தான் பிழைப்பீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா என் கையில இல்லை" என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஜெய்தூன் பீவி உப்புச் சாடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். ரெண்டு பேருக்கு ரெண்டு உலை வைக்கிற வேலை வேண்டாம் என்று தானும் அதே சப்பைக் குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழமும் மிளகும் இல்லாவிட்டால் ரெண்டு பேரும் சோற்றையே வெறுத்திருப்பார்கள். அப்படியும் வீக்கம் வடியவில்லை. "நீங்கதானேம்மா இரக்கப்பட்டு உப்பு போடுறீங்க?" என்று டாக்டர் அதட்டிவிட்டார். குதிரை வண்டியில் திரும்பும்போது அந்த அம்மாள் துப்பட்டிக்குள் அழுதுகொண்டே வந்தார். செய்யாத குற்றத்துக்குப் பேச்சு வாங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ராவுத்தரோ, அல்லா மேல் ஆணையாக உப்புத் தின்னவில்லை என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். மண்டியில் வாயில் போடுகிற கல் அவர் கணக்கில் தோலுக்கு உள்ளது. அது தீனியில் சேராது.

பங்குனியில் நோன்பு வந்தது. டாக்டர் வேண்டாம் என்றும் கேளாமல் நோன்பு பிடித்தார். ஆச்சரியம், கால் வடிந்து செருப்பு ஏறியது. "நோம்போட பரக்கத்தைப் பாத்தியா!" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். பெருநாள் கழிந்து ரெண்டு வாரத்தில் மறுபடி வீங்கிற்று. ஜெய்தூன் பீவி யோசித்தார். வீட்டுச் சமையல் அதேதான், மாத்திரையும் அதேதான். அப்படியானால் வித்தியாசம் வீட்டில் இல்லை. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மண்டிக்கு நடந்தார்.

அங்கே மேஸ்திரி எட்டாவது மூட்டையில் இருந்தார்.

"என்னங்க இது?"

"சரக்குப் பாக்குறேன்."

"நோம்புலயும் இப்படித்தான் பாத்தீகளா?"

"நோம்புல துப்பிருவேன்ல? முழுங்குனா நோம்பு முறிஞ்சுருமே."

"அப்ப இப்ப?"

ராவுத்தர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாயில் கல்லுப்பு இருந்தது.

துப்பிப் பார்க்கிறேன் என்று ஒரு வாரம் முயன்றார். முப்பது வருஷப் பழக்கம், துப்புவதற்குள் பாதி உள்ளே போய்விடும். வேறு வழியில்லாமல்தான் ஜெய்தூன் பீவி முக்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் நாளே ஒரு மூட்டையை ஒதுக்கச் சொன்னார். ராவுத்தருக்கு ரோஷம் வந்து, அந்த உப்பைத் தூவி ஒரு அடுக்குத் தோலைத் தனியே வைத்தார். நாலாம் நாள் அந்த அடுக்கிலிருந்து நீர் வடிந்து தரையெல்லாம் ஓடியது. மாதக்கணக்கில் உப்பே படாத நாக்குக்குக் கசப்பு ஊசி குத்துகிற மாதிரி தெரிகிறது. உப்பிலேயே ஊறிய நாக்குக்கு அது மரத்துப்போய்விட்டது. இது ராவுத்தருக்கு அப்போதுதான் புரிந்தது. ரோஷத்தை மடித்துத் தோலோடு தோலாக அடுக்கி வைத்துவிட்டார்.

ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மூச்சு வாங்காமல் தொழுகைக்கு நடக்கிறார். டீக்கடையில் யார் அகப்பட்டாலும் சொல்லுவார்: "உப்புப் போட்டவுகளை உள்ளளவும் நினைக்கணும்பாங்க. எனக்கு உப்புப் போடாதவகளைத்தான் அஞ்சு வேளையும் நினைக்கிறேன். எம்புட்டுச் சொன்னாலும் தீராது அப்பு." கேட்டவர்கள் இந்தக் கதையைப் பத்துத் தடவை கேட்டிருப்பார்கள். அவர் கண் கலங்குவதைப் பார்த்துப் பதினோராவது தடவையும் கேட்பார்கள்.

போன மாதம் ராவுத்தரும் ஜெய்தூன் பீவியும் டாக்டரிடம் போயிருந்தார்கள். அருளப்பன் ராவுத்தரின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். நீர் கோத்திருந்தால் விரலை எடுத்த பிறகும் பள்ளம் நிற்கும். விரலை எடுத்தார், பள்ளம் இல்லை. "ஜம்முனு இருக்கீங்க ராவுத்தரே, போய்ட்டு வாங்க."

ராவுத்தர் எழுந்திருக்கவில்லை. "டாக்டரய்யா, இவுகளையும் பாருங்க. ஆறு வருசமா என் உப்பை இவுகதான் வாயில வாங்குறாக."

டாக்டர் சிரித்தார். "துப்பிடுறாங்கல்ல? ஒண்ணும் ஆகாது." இருந்தாலும் அந்த அம்மாளுக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார்.

"கால் பாக்கலையே?"

"சும்மா எந்திரிங்க, வெளிய ஆளுக நிக்கிறாக" என்று ஜெய்தூன் பீவி காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.

ராவுத்தர் எழுந்தார். எழுந்தவர் வாசலுக்குப் போகாமல் மனைவியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். கதவோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துப்பட்டியின் ஓரத்தை ஒதுக்கி, உப்பில் வெடித்துப்போன கட்டைவிரலை அந்த அம்மாளின் கணுக்காலில் வைத்து அழுத்தினார். எடுத்தார். குனிந்து பார்த்தார், பள்ளம் இல்லை. பிறகு மற்றக் காலுக்குக் கையை நீட்டினார்.