ஆற்றைப் பார்த்து உட்காருங்கள்

கலாதேவிக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. நாற்காலி போட்டு, மைக் வைத்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுக்கும் இடம் எதுவானாலும் அவள் தள்ளித்தான் நிற்பாள். பத்து காஜா ஊருக்கு அப்பால் அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விற்றபோது அப்படித்தான் ஒரு கூட்டம் போட்டார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களையெல்லாம் உட்காரவைத்து, குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டித் தருவோம் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், அப்போது கல்யாணமாகாத பெண். அப்புறம் லயங்களை இடித்தார்கள், ரப்பர் பால் எடுத்த கித்தா மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வீடு மட்டும் வரவில்லை. அவளுடைய அப்பா அந்த வீட்டைப் பற்றிப் பேசிப் பேசியே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கலாதேவிதான் ஈப்போவில், கிந்தா ஆற்றங்கரைக் கூட்டமொன்றில், மைக்கைக் கையில் வாங்கிப் பேசினாள். அம்பிகை அக்கா கூப்பிட்டதால் பேசினாள்.

ஆற்றோரத்தில் பழைய கித்தா ஆலை ஒன்று பல வருடங்களாக மூடிக் கிடந்தது. கூரைத் தகரம் துருப்பிடித்து, சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் முளைத்திருந்தது. உள்ளே பகலில் நாய்களும் இருட்டினால் போதைக்காரர்களும் இருந்தார்கள். ஆலையின் முன்பக்கம், சாலையோரமாக, ஒரு வரிசை சாப்பாட்டுக் கடைகள். கலாதேவியின் தோசைக் கடை அதில் ஒன்று. கணவன் ஜெயபாலன் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். கடை முழுக்க அவள் பொறுப்பு. பக்கத்தில் பக்கீர் முகம்மதுவின் தே தாரே கடை. அவள் தோசை ஊற்ற, அவர் டீ ஆற்ற, இரண்டு கடைக்கும் ஒரே கூட்டம்தான்.

அம்பிகை இடைநிலைப் பள்ளியில் புவியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். அவருடைய அப்பா ரயில்வேயில் அதிகாரியாக இருந்தாராம். பெரிய வீட்டில் தனியாக இருந்தார். சனிக்கிழமை காலை தவறாமல் வந்து, சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிடுவார். வெறும் வாடிக்கையாளராக இருந்திருந்தால் பிறகு நடந்தது இவ்வளவு வலித்திருக்காது. கலாதேவியின் மகளுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைக்க அலைந்தவர் அம்பிகைதான். கலாதேவிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்து, கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். கூடப் பிறந்த அக்கா இருந்திருந்தால்கூட இப்படிச் செய்திருப்பாளா என்று ஜெயபாலனிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை அம்பிகை தோசையைத் தொடாமலே பேச ஆரம்பித்தார்.

“கலா, இந்த ஆலையை என்ன செய்யலாம் எண்டு சனத்திட்ட யோசனை கேக்க நகரசபை ஒரு குழு போட்டிருக்கு. நான் அந்தக் குழுவில இருக்கிறன். வாற ஞாயிறு கூட்டம். நீர் கட்டாயம் வரவேணும்.”

“நா எதுக்குக்கா? படிச்சவங்க பேசுற எடத்துல…”

“இருபது வருசமா இந்த ஆத்தோரத்தில நிக்கிறது ஆர்? நானா, நீரா?”

பக்கீர் டீயை ஆற்றியபடியே சிரித்தார். “போய்ட்டு வா தங்கச்சி. பிஸ்கட்டாச்சும் குடுப்பாங்க லா.”

கூட்டத்தில் மேசைக்கு மேசை பெரிய காகிதமும் கலர் பேனாவும் வைத்திருந்தார்கள். மியூசியம் வேண்டும் என்றார் ஒருவர். சறுக்குப் பலகை விளையாட இடம் கேட்டார்கள் சில பையன்கள். இசைக்கேற்ப ஆடும் நீரூற்று சிங்கப்பூரில் பார்த்ததாகவும் அதுபோல ஒன்று ஈப்போவுக்கும் வேண்டும் என்றும் ஒரு சீன மாது சொன்னார். அம்பிகையின் தம்பி மகன் சுபேசன், கட்டடக் கலைஞன், எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். அம்பிகை மைக்கைக் கொண்டுவந்து கலாதேவியின் கையில் திணித்தார்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் தனக்குத் தோன்றியதைச் சொன்னாள்.

“எங்க கடையெல்லாம் ரோட்டப் பாத்து இருக்கு. ஆத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறோம். அதனாலதான் கழுவுன தண்ணி, குப்பை எல்லாம் பின்னாடி போவுது. பின்னாடி இருக்கிறத யாரும் பாக்குறதில்லயே. அந்த ஆலைல சுவத்த மட்டும் எடுத்துட்டு, தூணையும் கூரையையும் சரி பண்ணிக் குடுங்க. கடையெல்லாம் உள்ள வரட்டும். சாப்புடுறவங்க ஆத்தப் பாத்து உக்காரட்டும். மொகத்துக்கு நேரா இருந்தா யாரும் அதுல குப்பை கொட்ட மாட்டாங்க.”

கைதட்டல் எழுந்தது. சீன மாதுதான் எல்லோரையும்விட நேரம் எடுத்துத் தட்டினார். சுபேசன் அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் பலகையின் நடுவில் எழுதினான். ஒருவர் வந்து, ஆற்றின் பக்கமாக அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரிக்கச் சொல்லவே தேவையில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

அதற்குப் பிந்திய மாதங்களில் அவள் அந்தக் கூரையின் கீழ் பலமுறை கடை போட்டுப் பார்த்தாள், மனதுக்குள்ளேதான். அடுப்பு எந்தப் பக்கம், பக்கீர் அண்ணன் கடை எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வரும். பெண்கள் கழிவறைக்கு எதிர்க் கடைக்காரரிடம் சாவி கேட்டு நிற்க வேண்டாம். மாவாட்ட நல்ல தண்ணீர் குழாய் வரும். ஜெயபாலனிடம் சொன்னால் அவர் “பாப்போம், பாப்போம்” என்பார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்.

அடுத்த வருட நடுவில், அவள் சொன்ன யோசனைப்படியே ஆலையில் வேலை தொடங்குகிறது என்று கடைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை முடியும்வரை பழைய பாசார் சந்தைக்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் தற்காலிகமாக இருக்கலாமாம். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கீர் முன்னால் நின்றார். எழுந்தால் திரும்பி வர முடியாது, கையில் எழுத்து எதுவும் இல்லாமல் நகர மாட்டேன் என்றார்.

அம்பிகை கலாதேவியின் வீட்டுக்கே வந்தார். “நீர் சொன்னாக் கேப்பினம், கலா. ஆறே மாதம். என்னை நம்பும்.”

கலாதேவி கடை கடையாகப் போனாள். பக்கீரிடம் கடைசியாகப் போனாள்.

“அம்பிகை அக்கா நம்மள கைவிட மாட்டாங்கண்ணே. எனக்குத் தெரியும்.”

பக்கீர் வெகுநேரம் கிளாஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சரி, போலாம்” என்றார்.

போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அங்கு வரவேயில்லை. ஆனால் அம்பிகை வந்தார். சனிக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு வந்து, அதே இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வேலை எப்போது முடியும் என்று கேட்டால், “நடக்குது, நடக்குது” என்பார். கலாதேவி மேற்கொண்டு கேட்கவில்லை. அக்காவைத் தொந்தரவு செய்கிறோமோ என்று அவளுக்குக் கூச்சம்.

ஒருநாள் மகளைப் பார்க்க பஸ்ஸில் போகும்போது, பாலத்தின் மேல் போக்குவரத்து நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தாள். ஆலையைச் சுற்றி உயரமாக வேலி அடித்திருந்தார்கள். வேலி நெடுகப் படம். அந்தப் படத்தில் அவள்.

ஒரு மாடி உயரத்துக்கு அவள் முகம். பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே, மலாயிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்து: ‘ஆற்றைப் பார்த்து உட்காருங்கள்’. அதற்குப் பக்கத்தில் வானத்தைத் தொடும் இரண்டு அடுக்குமாடிகள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண், “அக்கா, அது நீங்கதானே?” என்று தோளைத் தட்டினாள். கலாதேவி அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

வேலியின் ஓரத்தில் கண்ணாடி போட்ட விற்பனைக் கூடம் இருந்தது. குளிர்பதனம். நடுவில் பெட்டிக்குள் திட்டத்தின் மாதிரி: ஒரு சின்ன ஆறு, சின்ன மரங்கள், சின்ன மனிதர்கள். ஆலையின் தூண்களும் கூரையும் அப்படியே இருந்தன. அவள் சொன்னபடியே சுவரை எடுத்திருந்தார்கள். அதன் கீழே காப்பிக் கடை ஒன்று, உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம். தோசைக் கடை இல்லை, டீக்கடை இல்லை. பெட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தாள். எங்கும் இல்லை.

வரவேற்பில் நின்ற பெண் அவளைக் கண்டதும் துள்ளினாள். “ஆன்ட்டி, போஸ்டர்ல இருக்கிறது நீங்கதானே! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து சுபேசன் வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

“தம்பி, எங்க கடையெல்லாம் எங்க?”

“அது… இடத்தை எடுத்த கம்பெனி திட்டத்தை மாத்திட்டாங்க அக்கா. கடை வைக்க விடமாட்டம் எண்டுட்டாங்கள். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன்.” அவன் தயங்கினான். “அம்பிகை மாமி உங்களிட்டச் சொல்லேல்லையா? நீங்கள் இடம் மாறுறதுக்கு முதலே நான் மாமிக்குச் சொல்லிட்டனே.”

அம்பிகையின் வீட்டு வாசலில் கலாதேவி செருப்பைக் கழற்றவில்லை. அம்பிகை கதவைத் திறந்து, “உள்ள வாரும்” என்றார். அவள் அசையவில்லை.

“நாங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்கக்கா.”

அம்பிகை கதவைப் பிடித்துக்கொண்டார். “தெரியும்.”

“தெரிஞ்சுதான் என் வீட்டுக்கு வந்தீங்களா?”

“சொல்லியிருந்தா நீங்கள் ஒருத்தரும் எழும்பியிருக்க மாட்டியள். திட்டமே நிண்டுபோயிருக்கும். இன்னும் இருபது வருசம் அந்த இடம் நாய் படுத்துக் கிடந்திருக்கும், கலா. எல்லாம் கிடைக்காட்டியும் அந்த ஆறெண்டாலும் நல்லா வரட்டும் எண்டு நினைச்சன். உங்களுக்கு வேற இடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“சனிக்கெழம சனிக்கெழம வந்து சாப்பிட்டீங்களேக்கா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிச் சாப்பிட்டீங்க?”

அம்பிகையின் கண் கலங்கியது. அந்த அழுகையைப் பார்த்து மனம் இளகும் என்று கலாதேவியே எதிர்பார்த்தாள். இளகவில்லை. ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டிய கை இதுதானே என்று கதவைப் பிடித்திருந்த கையை ஒருமுறை பார்த்தாள். திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை கடையை அவள் திறக்கவில்லை. காய் நறுக்கும் கத்தியையும் கடை முக்காலியையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். சாலை நிறைய வண்டிகள். முக்காலியில் ஏறினாலும் கை படத்திலிருந்த முகவாய்க்குத்தான் எட்டியது. அங்கே கத்தியைக் குத்தி, பக்கவாட்டில் இழுத்தாள். காவலுக்கு நின்ற நேப்பாளி ஓடிவந்தான். “ஆன்ட்டி, ஜாங்ஙான்! ஜாங்ஙான்!” என்று, வேண்டாமென மலாயில் கெஞ்சினானே தவிர, கிட்டே வரப் பயந்தான்.

“இது என் மொகம்டா. கேக்காம எடுத்தாங்க, நா திருப்பி எடுத்துக்கிறேன்” என்று தமிழிலேயே சொன்னாள். அவனுக்குப் புரிந்திருக்காது. அறுபட்ட பிளாஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அது நெற்றிவரை கிழிந்து அவள்மேலேயே வந்து விழுந்தது. முக்காலி சரிந்து அவளும் விழுந்தாள். சிவப்பு விளக்கில் நின்ற வண்டிகளிலிருந்து செல்போன்கள் நீண்டன.

போலீஸ் நிலையத்தில் கோபமாக யாரும் பேசவில்லை. வழக்கு வேண்டாம் என்று கம்பெனிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம். வழக்கு போட்டால் பேப்பரில் வருமே. எச்சரித்து அனுப்பினார்கள். கூட்டிப்போகக் கமுந்திங்கிலிருந்து ஜெயபாலன் வந்தார். வழியெல்லாம் அவளுடைய சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த வாரமே வேலியில் புதுப் படம் மாட்டினார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் காப்பி குடிக்கிறாள். வாசகத்தை மாற்றவில்லை.

அவளைச் சுட்டது போலீஸ் இல்லை. கடைக்காரர்கள் அவளிடம் பேசுவதை நிறுத்தினார்கள். அவளும் சேர்ந்து விற்றுவிட்டாள், படத்துக்கு ஏதோ வாங்கியிருக்கிறாள் என்று ஒரு பேச்சு. பக்கீர் அதை நம்பவில்லை. ஆனாலும் கடையைக் கட்டிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் இருக்கும் தன் தம்பியின் உணவகத்துக்குப் போகும் நாளில், சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு அவளிடம் வந்து நின்றார்.

“அந்தம்மா சொல்லி நா எந்திரிக்கல தங்கச்சி. நீ சொன்னே, எந்திரிச்சேன்.”

“என்னயும்தானே ஏமாத்துனாங்கண்ணே.”

“தெரியும் லா. அதான் கோவப்படவும் முடியல.”

கலாதேவி இப்போது பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மகள் வீட்டு வாசலில், காலையில் மட்டும் தோசை ஊற்றித் தாப்பாவ் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறாள். அம்பிகை ஒருமுறை அங்கேயும் வந்தார். வேறு இடம் பார்த்திருக்கிறேன், புது ஸ்டால், எல்லா வசதியும் உண்டு என்றார். “வேண்டாங்க மேடம்” என்று சொல்லி, அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள். அம்பிகை வரிசை குறையும்வரை நின்றுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

ஹரிராயா பெருநாளுக்கு வாழ்த்துச் சொல்லப் பக்கீருக்குப் போன் செய்தாள். குடும்பம், உடம்பு எல்லாம் விசாரித்தபின் அவர் கேட்டார்.

“ஈப்போ பக்கம் போனியா?”

“போன வாரம் போனேன். பஸ்ஸுல, பாலத்து மேல.”

“தொறந்துட்டாங்களாமே. எப்படி இருக்கு?”

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “நல்லா இருக்குண்ணே. ஆலமரத்த வெட்டல. எல்லாரும் ஆத்தப் பாத்துத்தான் உக்காந்திருக்காங்க. தண்ணி சுத்தமா ஓடுது, ஒரு குப்பை இல்ல.”

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“நீ சொன்னது சரிதான் போல” என்றார் பக்கீர்.

கலாதேவி போனைக் காதில் வைத்தபடியே அடுப்பை அணைத்தாள்.