குப்பைமேனியைச் சுற்றி ஒரு வட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்னர், திருகோணமலையில் நான் கம்பஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. மூலிகைச் சாறுகள் கிருமிகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. குப்பைமேனி பிடுங்கக் கிண்ணியாவுக்குப் போன இடத்தில் ஒரு அக்கா பழக்கமானார். அவருடைய கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கால்விரலில் ஆறாத புண். அதே இலையைத்தான் அரைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டா இவர் கேக்கிறாரில்ல. இந்த இலை சரிவருமா எண்டு பார்த்துச் சொல்லுங்க தங்கச்சி" என்றார் அக்கா. நானும் பெரிய டொக்டர் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலை இதுதான். இலைத்தூளை மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், ஊறவைத்து வடித்து, மதுசாரம் முழுவதும் ஆவியாகிப் போனபின், கிருமி வளரும் தட்டில் சிறு துளையிட்டுச் சாற்றை விடவேண்டும். கிருமி செத்தால் துளையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். மதுசாரமே கிருமியைக் கொல்லக்கூடும் என்பதால், சந்தேகம் தீர ஒரு துளையில் வெறும் மதுசாரமும் விடவேண்டும். அந்த நேரம் தட்டுக்குப் பெரிய பஞ்சம். வெறும் மதுசாரத்துக்கு எதற்கு ஒரு துளை என்று அதிலும் வேறொரு இலைச்சாற்றை விட்டேன். ஆவியாகும்வரை காத்திருக்கவும் எனக்குப் பொறுமையில்லை.

மறுநாள் குப்பைமேனியைச் சுற்றி அழகான வட்டம்! துள்ளிக் குதித்தேன். என் ஆய்வு மேற்பார்வையாளருக்குக் காட்டுமுன்பே, "இலை வேலை செய்யுது அக்கா" என்று படத்தோடு அனுப்பிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் படத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "வெறும் மதுசாரம் விட்ட துளை எங்க?"

திரும்பச் செய்தேன். வெறும் மதுசாரத்தைச் சுற்றியும் அதேயளவு வட்டம். இலைச்சாற்றிலிருந்து மதுசாரத்தை நன்றாக ஆவியாக்கிச் செய்தேன், வட்டமே இல்லை. இன்னொரு முறை செய்தபோது, இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் ஏதோ ஒன்று. இலை கொல்கிறதா, இல்லையா? அக்காவிடம் இப்போது என்னவென்று சொல்வது?

அன்றே பஸ் பிடித்துப் போனேன். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா" என்று தொடங்கும்போதே அவருடைய கணவரின் காலைப் பார்த்துவிட்டேன். விரல் கறுத்திருந்தது.

"படிச்ச புள்ளயே சொல்லிட்டுது, இனி என்னத்துக்கு ஆஸ்பத்திரி எண்டு இருந்துட்டார்" என்றார் அக்கா.

அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நான் படம் அனுப்பாமல் இருந்திருந்தால் அவர் முந்தியே வந்திருப்பாரா? டொக்டரிடமும் கேட்டேன். "அது ஆருக்குத் தெரியும்?" என்றார். அழுகையை அடக்க ஏலாமல் வெளியே வந்து நின்றேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. "நீங்க ஓடிவந்து சொன்னபடியாத்தான் காலாவது மிஞ்சினது" என்று, ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலாப்பம் கொடுத்தனுப்புகிறார். வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதைச் சாப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.