சாரலுக்கு முன் கேட்க வேண்டிய விலை

சுடலைக்கண்ணு, குற்றாலத்தில் குளிக்க வருவோருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக எண்ணெய் தேய்த்து வந்தவர். சாரல் விழுந்தால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அப்படிப்பட்டவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில், இன்னும் நாலு நாள் மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

காரணம் ஒரு வீடு. தென்காசியில் குடியிருந்த சுகிர்தம் டீச்சருக்கு அருவிக்கு அருகே ஓர் ஓட்டு வீடு உண்டு. சீசனுக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுவது. குரங்குகள் ஓடுகளைப் புரட்டிப் போட்டு, உத்தரம் ஒன்று இற்று, சுவரெல்லாம் பாசி ஏறிக் கிடந்தது. அதை விற்க டீச்சர் சொன்ன விலை அறுநூறு. சுடலைக்கண்ணுவிடம் இருந்தது நானூறு. ஆனி முழுவதும் அருவி வறண்டு வீடு பூட்டியே கிடந்ததால், இப்போது குறைத்துக் கேட்டால் டீச்சர் இணங்கக்கூடும். தாமதித்தால், தொழில் இல்லாத நாட்களில் அந்த நானூறும் கரைந்துவிடும்.

“சாரல் வேண்டாம்னு சாமி கும்புடுத எண்ணெய்க்காரரு இந்த ஊருலயே நீரு ஒருத்தருதான்,” என்றாள் மனைவி முப்பிடாதி. “பெய்ஞ்சா சோறு, பெய்யாட்டா வீடு. எது வேணும்னு சாமிகிட்டயாவது தெளிவாச் சொல்லும்.”

விலை கேட்க அவர் புறப்பட்ட காலையிலேயே சாரல் இறங்கிவிட்டது. மூன்று மைல் நடந்து தென்காசியை எட்டினால், அங்கே சுள்ளென்று வெயில். டீச்சருக்குச் செய்தி எட்டியிருக்க வழியில்லை. தெருமுனையிலேயே நின்று தலையைத் துவட்டி, வேட்டி உலரும்வரை காத்திருந்தார்.

டீச்சர் மோர் கொடுத்துவிட்டு நேராகக் கேட்டார்: “அருவியில தண்ணி விழுதா, சுடலை?”

கூரையின் பழுதையெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல அவர் ஆயத்தமாகவே வந்திருந்தார். அருவியைப் பற்றிப் பொய் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

“விழுது, டீச்சரம்மா. காலையிலதான் ஆரம்பிச்சுது. ஆனாலும் நான் நானூறுதான் கேக்கேன். என்கிட்ட இருக்கதே அம்புட்டுதான்.”

“விவரம் கெட்டவனா இருக்கியே! இதை மறைச்சிருந்தா முந்நூத்தம்பதுக்கே முடிச்சிருக்கலாம்,” என்று சிரித்த டீச்சர் சற்று யோசித்தார். “சரி. இந்தச் சீசன் வாடகை எனக்கு. உடைஞ்ச ஓடெல்லாம் நீ மாத்தி, வாடகைக்கு ஆளையும் பிடிச்சு வை. புரட்டாசியில நானூறுக்கே எழுதித் தாரேன்.”

“ஓட்டுக்குக் காசு?”

“உன் வீட்டு ஓட்டுக்கு நானா காசு தர?”

அன்று பிற்பகலே அவர் கூரையேறினார். மதுரையிலிருந்து வந்த குடும்பமொன்று மூட்டை முடிச்சுகளோடு கீழே நனைந்துகொண்டு, வீடு யாருடையது என்று கேட்டது.

“டீச்சரம்மாவுது,” என்றார். ஓர் ஓட்டைச் செருகிவிட்டு, “புரட்டாசி வரைக்கும்,” என்று சேர்த்துக்கொண்டார்.