பதினேழாம் எண்ணின் அக்கா

ஈரத்துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மிச்சக் கொடியில் காகிதத் துண்டுகளை கிளிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தாள் நீலாம்பிகா. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. முதல் துண்டைக் கடைசிக்கு மாற்றினாள். நாலடி தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அது எம்.ஏ. ஆய்வுக் கட்டுரை என்பது தார்வாடில் அந்தத் தெருவுக்கே தெரியும். காற்றடித்தால் பக்கத்து வீட்டுக்காரி, "நீலக்கா, உன் ரெண்டாவது அத்தியாயம் எங்க வாசலுக்கு வந்திருச்சு" என்று எடுத்துவந்து கொடுப்பாள்.

வயது நாற்பத்தொன்று. காலையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு பதியும் வேலை, மதியத்துக்கு மேல் கல்லூரி. தன் பேட்டைப் பெண்கள் ஏன் படிப்பை நிறுத்தினார்கள் என்பதுதான் கட்டுரை. இருபத்துமூன்று பேரை வீட்டு வரிசைப்படி எண் போட்டுக்கொண்டு பார்க்கக் கிளம்பினாள். வேலைப் பழக்கத்தில், "பேர், வயசு, என்ன தொந்தரவு?" என்றுதான் வாயில் வரும். "தொந்தரவா? உக்காரு, சாயங்காலம் வரைக்கும் சொல்றேன்" என்று ஒருத்தி பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும் என்று வழிகாட்டி குல்கர்ணி மேடம் சொன்னதிலிருந்து வீட்டிலும் அதே பேச்சு. கணவர் ஈரப்பா, "இன்னிக்கு மழை வரும்" என்றால், "யார் சொன்னது? எத்தனாம் பக்கம்?" என்பாள். அவரும் விடுவதில்லை. "பருப்புல உப்பு கம்மி. கள ஆய்வு பண்ணிட்டுத்தான் சொல்றேன்" என்பார்.

இருபத்திரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: அப்பா நிறுத்தினார், இல்லையென்றால் மாமியார் வீட்டில் விடவில்லை. கட்டுரையும் அதன்படியே முடிந்துவிட்டது. மிஞ்சியது பதினேழாம் எண் மட்டும். அவள் நீலாம்பிகாவின் தங்கை மல்லவ்வா. கடைவீதியில் கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடையில் சோள ரொட்டி தட்டுகிறவள். நம்ம வீட்டு மனுஷிதானே என்று கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

"ஏழாவதோட உன்னை யாரு நிறுத்தினது?"

"யாரும் நிறுத்தல."

"சும்மா சொல்லு. அப்பாதானே?"

"அப்பா சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டுப் போய் விட்டாரு. நாந்தான் திரும்பி வந்தேன். அம்மா படுத்த படுக்கை. உனக்குப் பத்தாவது பரீட்சை. ரெண்டு பேர்ல ஒருத்தி வீட்டுல இருக்கணும்ல. நீ நல்லாப் படிப்பே." அக்காவின் நோட்டைப் பார்த்து, "இதையுமா எழுதிக்கிற?" என்று கேட்டாள்.

நீலாம்பிகா எழுதவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றும், தங்கைக்குப் படிப்பில் மனசில்லை என்றும்தான் அவள் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

கட்டுரை கொடுக்க ஒன்பது நாள் இருந்தது. மல்லவ்வாவின் பதிலைக் கேட்ட மேடம் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு பதில். அட்டவணையில உக்காராது. விட்டுடுங்க நீலாம்பிகா, யாரும் கேக்கப் போறதில்ல" என்றார்.

"நான் கேட்டுட்டேனே, மேடம். அவ சொல்லிட்டாளே."

கொடியில் இருந்த அத்தனையையும் கழற்றினாள். இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் மறுபடி ஏறினாள். இந்தத் தடவை கேள்வி வேறு: "நீங்க படிப்பை விட்டு நின்னப்போ, உங்க வீட்டுல படிச்சுட்டிருந்தது யாரு?" சிலர் சிரித்தார்கள். சிலர் பேச்சை மாற்றினார்கள். பதினோரு பேர் வாயிலிருந்து ஒரு தம்பி பேரோ அக்கா பேரோ வந்தது. அதுவே புது அத்தியாயம் ஆயிற்று.

ஆய்வில் 'நான்' என்று எழுதக்கூடாது என்பது துறையின் விதி. ஒரு நாள் முழுக்க எழுதி எழுதி அடித்தபின் ஒரு வரி நின்றது: 'பதினேழாம் எண்ணின் மூத்த சகோதரி தொடர்ந்து படித்தார்.' மேடம் அந்தப் பக்கத்தில் எதையும் திருத்தவில்லை.

கட்டுரையைக் கொடுத்துவிட்டு, தன் பிரதியோடு நேராகக் கானாவளிக்குப் போனாள். உச்சி வேளை. உள்ளே சாப்பாட்டு இலைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். மல்லவ்வாவின் முழங்கை வரை மாவு.

"நம்ம பேட்டைக் கதையா? அப்புறம் படிக்கறேன்க்கா. இப்போ எழுந்தா முதலாளி கத்துவாரு."

நீலாம்பிகா சேலையை இழுத்துச் செருகினாள். பிரதியைத் தங்கையின் பக்கம் நகர்த்தி வைத்து, அவளை இடுப்பால் மெல்லத் தள்ளிவிட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, ஒரு உருண்டை மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.