தமிழர் வராத கோப்பிக்கடை

ஒஸ்லோவில் கோப்பிக்கடை வாசல்களில் குழந்தைகளின் தள்ளுவண்டிகள் நிற்கும். வண்டிக்குள் பிள்ளைகள் மூக்கு மட்டும் தெரிய உறங்க, தாய்மார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கோப்பி குடிப்பார்கள். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லதாம். நான் வேலை செய்யும் பார்னெஹாகேயிலும், அதுதான் பாலர் பள்ளி, மத்தியானத்தில் பிள்ளைகளை வெளியில்தான் படுக்கவைப்போம். ஊரார் பிள்ளைகளைப் பனிக்குள் தூங்கவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறவள் நான். போன மாசியில் என் மகள் தன் பிள்ளையை அப்படி வெளியில் விட்டுவிட்டு என் முன்னால் வந்து இருந்தபோது மட்டும் என் கோப்பி தொடாமலே ஆறிப்போயிற்று.

மகளை நான் கடையில் சந்திப்பதற்குக் காரணம் உண்டு. நிரோஷா ஒரு நோர்வேக்காரப் பெடியனோடு கல்யாணம் கட்டாமலே குடும்பம் நடத்துகிறாள். இந்த நாட்டில் அதற்கு மரியாதையான ஒரு பெயர் இருக்கிறது, சம்பூயர் என்று. என் கணவரிடம் அந்த மரியாதை செல்லாது. "அவள் இந்த வாசல் மிதிக்கக்கூடாது" என்றார். தேவாலயப் பூசைக்கு வரும் சனத்திடம், மகளுக்கு பேர்கன் நகரில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறோம். பேரன் பிறந்தும் அவர் பார்க்கவில்லை. நான் பார்க்கிறேன், அவருக்குத் தெரியாமல்.

யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா காணிச் சண்டையில் அப்பாவோடு கதைக்காமல் இருந்த காலத்தில், ஒருநாள் என்னை பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போய் வடை வாங்கித் தந்தார். அதைக் கேட்டு அம்மா அழுதுவிட்டா. "வீடு இருக்கக் கடையிலை வைச்சோ சொந்தம் கொண்டாடுறது?" அந்த அழுகை எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஒஸ்லோவின் திறமான கோப்பிக்கடை எது என்று இணையத்தில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கொட்டை வறுத்த பக்குவம், புளிப்பு, பால் நுரை! என் அளவுகோல் வேறு. நம்மவர் வேலை செய்யாத கடை, வராத கடை, ஜன்னலிலிருந்து தள்ளி மேசை உள்ள கடை. குருனர்லொக்காப் பகுதியில் ஒன்று அகப்பட்டது. கழிப்பறைக்குப் பக்கத்து மேசையை நான் கேட்டதும் அங்கே வேலை செய்த தாடிக்காரப் பெடியனுக்கு முகம் வாடிப்போயிற்று. "ஜன்னல் பக்கம் இருங்கள். அந்த இடம் எல்லோருக்கும்தான்" என்றான். என் நிறத்துக்காக யாரோ ஒதுக்கி வைத்த பயத்தில் கேட்கிறேன் என்று நினைத்தான் போலும். நம்மட சனத்துக்கு ஒளிக்கிறேன் என்று அவனுக்கு எந்த மொழியில் சொல்வது?

போன மாசியிலும் அந்த மூலைதான். அங்கிருந்து வண்டி தெரியவில்லை. நான் எழும்பினேன்.

"அவன் நித்திரை அம்மா, விடுங்கோ."

"இஞ்சையிருந்து எனக்கு அவனைத் தெரியேல்லை."

"ஜன்னலடியிலை இருப்பம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? உங்களுக்கு எங்களைக் கண்டால் வெக்கம்."

வெளியே போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிராம் வந்து நின்றது. இறங்கியது ஜெசிந்தா, மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவள்.

"என்னக்கா இஞ்சை? ஆற்றை பிள்ளை?"

பார்னெஹாகேப் பிள்ளை என்று சொன்னால் போதும், நம்பியிருப்பாள். சொல்லும் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் கண்ணை முழித்து என்னைப் பார்த்துச் சிரித்தான். பாவி, எப்படிச் சொல்வேன்?

"நிரோஷான்ரை மகன்."

"அவ பேர்கனிலை எல்லோ?"

"இல்லை. எப்பவும் இஞ்சைதான் இருந்தவள்."

வண்டிக்குள் குனிந்த ஜெசிந்தா, "ஐயோ, அண்ணையை உரிச்சு வைச்சிருக்கிறானக்கா! மூக்கும் நாடியும் அப்பிடியே. ஞாயிற்றுக்கிழமை கண்டால் அவரிட்டைச் சொல்லோணும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நிரோஷா வாசலுக்கு வந்திருந்தாள். "என்ன சொன்னவா?"

"இவன் உன்ரை அப்பா மாதிரியாம்."

அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, குளிருது, நாங்கள் போகிறோம் என்றாள். நான் போர்வையை அவன் நாடிவரை இழுத்து மூடிவிட்டேன்.

தேபானே சுரங்க ரயிலில் வீடிருக்கும் குரோருட் வரும்வரை, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நானே சொல்லவேண்டும் என்று சொற்களைத் தேடிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்தேன். என் கணவர் சாப்பிடாமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பிந்தினது?" என்று நிமிர்ந்தார்.

அதே மூக்கு, அதே நாடி. சற்று முன் நான் போர்த்திவிட்டு வந்த முகம்.