ஹோல்கர் திருப்பியனுப்பிய நாற்பத்தொரு வாள்கள்

எங்கள் காட்டில் இருபது வருடமாக நாங்கள் எல்லாரும் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறோம் என்றால், அதற்கு ஹோல்கர்தான் காரணம்.

சில்கபோர் ஊரைத் தாண்டி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பல் டாக்டரும் பஸ் ஓட்டுகிறவரும் பள்ளிக்கூட டீச்சரும் வேஷம் கட்டிக்கொண்டு வந்து, வீரர் படை, அரக்கர் படை என்று பிரிந்து அடித்துக்கொள்வோம். அடி நிஜம், வாள்தான் ஃபோம். வெட்டுப் பட்டவர் செத்ததாக விழுந்து கிடக்க வேண்டும், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி சேர்ந்துகொள்ளலாம். அந்த வாள்களில் முக்கால்வாசி ஹோல்கர் செய்தவை. மெத்தைத் தொழிற்சாலையில் ஃபோம் வெட்டுவது அவன் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கார் ஷெட்டில் அதையேதான் வெட்டுவான். நடுவில் கண்ணாடியிழைக் கம்பி, இரண்டு பக்கமும் ஃபோம், மேலே ரப்பர் பால் ஏழு பூச்சு. கம்பி வாளின் நுனிவரை போகக் கூடாது, நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். அதன் தலையில் தோல் தொப்பி மாட்டுவான். இல்லாவிட்டால் என்றைக்காவது ஒருநாள் கம்பி ஃபோமைக் கிழித்துக்கொண்டு யார் கண்ணிலாவது போய் இறங்கும்.

வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷன், யாராவது வாளைத் தரையில் ஊன்றி நின்றால் மட்டும் கத்துவான். "எடுய்யா அத! அது என்ன கைத்தடியா? நுனி செத்துப் போயிடும்!"

ஆயுதச் சோதனையும் அவனுடையதே. ஆட்டநாள் காலையில் நான் வாசலில் பெயர் பதிவேன், பக்கத்து நாற்காலியில் அவன் இருப்பான். ஒவ்வொரு வாளையும் வளைப்பான், நுனியை அமுக்குவான், கடைசியில் தன் கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று போட்டுக்கொள்வான். தன் மேல் வாங்கிப் பார்க்காத வாளை அடுத்தவர் மேல் விடக் கூடாது, அதுதான் விதி. தேறினால் பிடியில் பச்சை டேப் ஒட்டுவான்.

அவன் பெண்டாட்டி சிஸ்ஸெல் பதினாலு வருடம் அரக்கர் படைத்தலைவி. அவள் கத்தினால் ஏரியில் இருக்கிற வாத்தெல்லாம் பறக்கும். மார்பில் புற்றுநோய் வந்தது, வைத்தியம் பார்த்தார்கள், போயும் விட்டது. ஆனால் அந்த மருந்து எலும்பை அரித்துவிட்டது. விழுந்தால் நொறுங்கிவிடும் என்றார்கள். அன்றிலிருந்து மூன்று வருடமாக வாசலில் பட்டாணி சூப் ஊற்றினாள். ஊற்றுகிற வேகத்தைப் பார்த்தால் சூப்போடு அவளுக்கு ஏதோ பகை என்றுதான் தோன்றும்.

இந்த ஆகஸ்ட் பெரிய போருக்கு ஒரு வாரம் முன்னால் என் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஹோல்கரை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இறங்கப் போறேன். டாக்டர்கிட்ட கேட்டாச்சு. ஃபோம் அடி பட்டா ஒண்ணும் ஆகாது, விழாமப் பாத்துக்கன்னாரு."

"உனக்கெதுக்கு இந்த வீம்பு?" என்றேன்.

"மூணு வருஷமா எல்லாரும் எனக்குக் கதவத் தொறந்து விடுறாங்க, நாற்காலிய இழுத்துப் போடுறாங்க. ஏதோ கண்ணாடிச் சாமான் மாதிரி. ஒரே ஒரு நாள் எவனாவது வந்து என்னை வெட்டிச் சாய்க்கட்டும். எல்லாரையும் மாதிரி நானும் சாகணும்."

ஹோல்கர் "சரி" என்றான். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போர் நாள் காலை. முதல் வாளை வளைத்துப் பார்த்தான். "நுனி சரியில்ல" என்று ஓரமாகப் போட்டான். அடுத்தது, "பசை விட்டுப் போச்சு." அடுத்தது, "கம்பி தட்டுப்படுது." எதையும் காலில் அடித்துப் பார்க்கவில்லை. பத்தரை மணிக்கு அவன் பக்கத்தில் நாற்பத்தொரு வாள் குவிந்து கிடந்தது. வரிசையில் முழுக்கவசம் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு நின்றார்கள்.

பல் டாக்டர் உஃபெவுக்குப் பொறுக்கவில்லை. "ஹோல்கர், இது நீ செஞ்ச வாளுய்யா. போன மாசம் நீதான் டேப் ஒட்டின."

"இன்னைக்குச் சரியில்ல."

"அப்போ நாங்க என்ன, தலகாணியாலயா அடிச்சுக்கணும்?"

ஹோல்கர் நிஜமாகவே யோசித்தான். "தலகாணி நல்லதுதான்" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! குவியலிலிருந்து ஒன்றை உருவி நுனியை அமுக்கினேன், வெண்ணெய் மாதிரி அமுங்கியது. "யோவ், உனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா? எதுக்குய்யா பொய் சொல்ற?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "இதுல எது அவமேல படும்னு எனக்குத் தெரியலயே. எது வேணா படலாம்."

என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. உருவிய வாளைக் குவியலிலேயே திரும்ப வைத்தேன்.

அதற்குள் சிஸ்ஸெல் வந்துவிட்டாள். முகமெல்லாம் பச்சைச் சாயம், தோளில் ரோமத்தோடு ஆட்டுத்தோல். குவியலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வாளை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"அடி."

"வேண்டாம் சிஸ்ஸெல்."

"மேல வாங்கிப் பாக்காமலே சரியில்லன்னு எப்படிச் சொல்ற? விதி உனக்கு ஒண்ணு ஊருக்கு ஒண்ணா? என் மேல சோதிச்சுப் பாரு. அடி."

தொடையைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் தொட்டும் தொடாமலும் ஒன்று வைத்தான்.

"என்னது இது? கொசு ஓட்டுறியா?"

வரிசையில் சிரித்தார்கள். இரண்டாவது அடியும் அப்படித்தான்.

"இருபத்தாறு வருஷம் என்கூடக் குப்ப கொட்டியிருக்க. ஒரு நாளும் உனக்குக் கோவம் வந்ததில்லையா? அத்தனையும் சேத்து ஒண்ணு குடு!"

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கினான். பட்டென்ற சத்தத்தில் வரிசையே அடங்கிவிட்டது. சிஸ்ஸெல் அசையாமல் நின்றாள்.

"நல்ல வாளு" என்றாள். "யார் செஞ்சது?"

ஹோல்கருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டேப்பைக் கிழித்துப் பிடியில் ஒட்டினான். பிறகு மற்ற நாற்பதையும் ஒவ்வொன்றாகத் தன் காலில் அடித்துப் பார்த்தே ஒட்டினான். கால் சிவந்துபோனது.

"அடி சரி. செத்தா விழணுமே, அதுக்கு என்ன பண்ணுவ?" என்று நான் கேட்டேன். "பேசாம மண்டி போட்டுச் செத்துடேன்."

"தலைவி மண்டி போட்டுச் சாகறதா? சீ, போடி!"

ஹோல்கர் நாற்காலியிலிருந்து எழுந்தான். "நான் எதிர்ப்படையில வரேன்" என்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை வாள் செய்தவன் போரில் ஒரு நாளும் ஒருவர் மேலும் வாள் ஓங்கியதில்லை. வேஷம்கூட அவனிடம் கிடையாது. உஃபெ தன் அங்கியைக் கழற்றி அவன் தோளில் போட்டான்.

மதியம் போர் தொடங்கியது. நான் பெயர் பதிகிற மேஜையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சிஸ்ஸெல் கத்திக்கொண்டே இறங்கினாள். அம்மாடி, அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எட்டுப் பேரைச் சாய்த்தாள். உஃபெ இரண்டு தடவை செத்தான். அப்புறம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹோல்கர் அவள் முன்னால் வந்து நின்றான்.

"வந்துட்டியா?" என்றாள்.

அவன் ஓங்கி அவள் தோளில் நேராக ஒன்று போட்டான். அவள் கையை விரித்துக்கொண்டு அப்படியே பின்னால் சாய்ந்தாள். அவன் வாளை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் தாங்கினான், மண்டியிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் புல்லில் படுக்க வைத்தான். போர் அவர்களைத் தாண்டிப் போயிற்று. போகிற போக்கில் யாரோ அவன் முதுகில் ஒரு போடு போட்டு, "ஹோல்கர், நீயும் செத்தாச்சு!" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள். அவனும் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

"வலிச்சுதா சிஸ்ஸெல்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "செத்தவகிட்டப் பேசாத. விதி தெரியாதா உனக்கு?"

ஆனால் அவள் கை புல்லைத் தடவித் தடவி வந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. போர் முடிந்து எல்லாரும் சூப்புக்குப் போன பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.