சுண்ணாம்பு அடித்த கொட்டகை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. அப்புத்தளைக்குக் கீழே இறங்கும் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் போனதும் லயத்து வரிசை வீடுகளெல்லாம் காலியாகிவிடும். நான் கொழுந்து பறிக்கப் போகிறவள் இல்லை. கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகத்தைப் பார்க்கலாம். பிள்ளைகளும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையும் மண்சுவருமாகக் கொட்டகை போட்டுக் காளான் வளர்த்து, பண்டாரவளைக் கடைகளுக்குக் கொடுத்து வந்தேன்.

காளான் பைகளில் எல்லோரும் நிரப்புவது ரப்பர் மரத்தூள். அது கீழ்நாட்டிலிருந்து லொறியில் வரவேண்டும். என் லாபமெல்லாம் அந்த லொறிக்கே சரியாய்ப் போனது. எங்கள் பக்கம் கைவிட்ட தேயிலை மலைகளிலோ மானாப் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதை நறுக்கிப் போட்டால் என்ன என்று தோன்றியது. போட்டேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த புல்லில் காளான் அருமையாக வந்தது. வெறும் தண்ணீரில் ஊறவைத்தது பச்சைப் பூஞ்சணம் பிடித்து நாறியது. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது.

அப்போதுதான் சிறுதொழில் செய்கிறவர்களின் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்று போனில் பார்த்தேன். கிடைத்தால் கிருமி சாக விறகு எரித்துப் பீப்பாயில் பை அவிக்கிற பாடு தீரும். இந்தப் புல்லை முறையாகச் சோதித்தும் பார்க்கலாம். விண்ணப்பமோ ஆங்கிலத்தில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். ஆராய்ச்சிக் குழுவில் யார் யார் என்று கேட்டு ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு மீதியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்துவிட்டது.

எழுதியதைக் கணவருக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். 'ம், ம்' என்பார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும். பாவம், நாள் முழுக்க நின்றே வேலை செய்கிற மனுஷனைக் கோபித்து என்ன பண்ண? லயத்திலோ எனக்குப் 'புல்லுக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனால் யாரிடமும் எதையும் சொல்வதில்லை.

விண்ணப்பம் போய், ஒருநாள் அழைப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வருகிறாராம். நல்ல பைகளையும் கெட்ட பைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். நாறுகிற பைகளைக் கொட்டகைக்கு வெளியே தனித் தட்டில் சீட்டு ஒட்டி மூடி வைத்திருந்தேன். வருகிறவர் உட்கார நாற்காலி வேண்டுமே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "பெரிய ஆளாம்மா?" என்றார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே காளான் படங்களை அச்செடுக்கப் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினேன். அந்தப் படங்களிலும் கல்யாணப் பெண் மாதிரி நல்ல காளான்கள் மட்டும்தான். கெட்டதை யார் படம் பிடிப்பார்கள்?

திரும்பி வந்து பார்த்தால் கொட்டகையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுவருக்கெல்லாம் பளிச்சென்று சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம். கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானைக் கழுவிவிட்டிருந்தார்கள். லயத்துக்குத் தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் எப்படிச் செய்வார்களோ, அப்படியே! அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் கங்காணியிடம் சொல்லிவிட்டு, அரைப்பேர் போனாலும் போகட்டும் என்று பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். எனக்காக! அந்தச் சந்தோஷத்திலேயே பின்பக்கம் போனேன். கெட்ட பைகள் இருந்த தட்டு காலி. குப்பைக் குழியில் புகை வந்துகொண்டிருந்தது.

வாயைத் திறக்குமுன் ஜீப் வந்துவிட்டது. அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையான மனிதர். நல்ல பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அந்தப் பழுதாப்போன பைகளையும் ஒருக்காக் காட்டுங்கோ. அதைப் பாக்கத்தான் முக்கியமா வந்தனான்" என்றார்.

அக்கா முந்திக்கொண்டார். "அந்த அசிங்கத்தையெல்லாம் நாங்கதான் காலையிலேயே கொளுத்திட்டோம் ஐயா. ஒன்னுகூட விடல!" முகமெல்லாம் பெருமை.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரை ஓரமாகக் கூட்டிப்போய், பெண்களுக்குக் கேட்காமல் நடந்ததைச் சொன்னேன். "நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன். ஆனால் கண்ணால காணாததை நான் எப்பிடி எழுதுறது?" என்றார் வருத்தமாக. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் அக்கா மெதுவாகக் கேட்டார். "என்னம்மா, ஐயா முகம் ஒரு மாதிரியா இருந்துச்சே? டீ நல்லா இல்லையோ?"

"டீயெல்லாம் நல்லா இருந்துச்சுக்கா."

அன்றைக்கு இருந்த தனிமை மாதிரி நான் வேறு எப்போதும் அனுபவித்ததில்லை. சுற்றி ஐந்து பேர், ஐந்து பேருக்கும் என்மேல் பாசம், கையெல்லாம் சுண்ணாம்பு. என் பிழைப்பையே கொளுத்திவிட்டீர்கள் என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது? கொட்டகைக்குள் போய், பைகளுக்குத் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

உதவித்தொகை கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று மாலை, மலையிலிருந்து இறங்கிய அக்கா கூடையைக்கூட இறக்காமல் என் வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "நாங்க ஏதோ பண்ணிப்புட்டோம்ல? அப்படி அந்தக் கெட்டுப்போனதுல என்னதாம்மா இருந்துச்சு?" என்றார்.

உட்காரவைத்துச் சொன்னேன். புல், சுண்ணாம்பு, பூஞ்சணம், எல்லாவற்றையும். விளக்குப் போடக்கூட மறந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். அக்கா 'ம்' கொட்டவில்லை. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார்.

இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். குழுப் பக்கத்தில் இரண்டாவது கட்டத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது. மற்றதெல்லாம் இன்னும் காலிதான். கெட்டுப்போன பைகளுக்கு இப்போது அவர்தான் காவல், என்னையே தொட விடுவதில்லை. பணம் கிடைக்குமோ கிடைக்காதோ, தெரியாது. ஆனால் 'அதுல என்னதாம்மா இருக்கு' என்று யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்றுதான் நான் அத்தனை மாதமும் ஏங்கிக் கிடந்தேன் என்பது, அக்கா கூடையோடு வாசலில் நின்று கேட்ட அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.